கடல் நடுவே ஒரு சலவைச் சாலை!

கப்பல் பிரயாணத்தில் துணி வெளுப்பது எப்படி? பட்டும் சரிகையும் கெடாமல் காப்பது எப்படி?

சுற்றிலும் தண்ணீர். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். ஆனால் ஒரு கைக்குட்டையைத் துவைக்க அந்தத் தண்ணீர் உதவாது!

கடலில் சென்றவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் பட்ட கஷ்டம் இது. இன்றோ, ஒரு சிற்றூரின் ஜனங்களையே சுமந்துகொண்டு உல்லாசக் கப்பல்கள் மிதக்கின்றன. 2024-ம் ஆண்டு ஜனவரியில் பயணிகளுடன் புறப்பட்ட "ஐகான் ஆப் தி சீஸ்" என்ற கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம் 365 மீட்டர். மாடிகள் 20. பயணிகளும் ஊழியர்களுமாக ஏறக்குறைய 10 ஆயிரம் பேர் வரை அதில் இருக்க முடியும்.

இத்தனை பேருக்கும் படுக்கை விரிப்பு வேண்டும். தலையணை உறை வேண்டும். குளித்துத் துவட்டத் துண்டு வேண்டும். சாப்பாட்டு மேஜைக்கு வெள்ளை விரிப்பு வேண்டும். இவற்றை எல்லாம் யார் வெளுக்கிறார்கள்? எங்கே உலர்த்துகிறார்கள்?

நமக்கென்ன கப்பல் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022-ம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் உல்லாசக் கப்பல் புறப்பட்டது. குழந்தை குட்டிகளுடன் நம் ஊர்க் குடும்பங்களும் அதில் ஏறின. மூட்டை முடிச்சுகளைக் கட்டும் முன்பு துணி விஷயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

உப்பு நீரில் நுரை வராது

ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நாம் சமையலில் போடும் உப்பு மட்டும் அல்ல. கால்சியம், மக்னீசியம் என்ற உலோகங்களின் உப்புகளும் அதில் உண்டு. சாதாரண சோப்பை அந்த நீரில் தேய்த்தால், இந்த உலோகங்கள் சோப்புடன் சேர்ந்து திப்பி திப்பியாகத் திரிந்துவிடும். நுரை வராது. அழுக்கும் போகாது. திரிந்த பிசுக்கு துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள ஊர்களில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

இதற்கு ஒரு மாற்று இருந்தது. அது நமக்குப் பழக்கமான தேங்காய் எண்ணெய்தான்! தேங்காய் எண்ணெயில் காய்ச்சிய சோப்பு உப்பு நீரிலும் ஓரளவு நுரைக்கும். ஆகவே மாலுமிகளுக்கென்று தனியாகக் "கடல் சோப்பு" செய்து விற்றார்கள்.

நுரை வந்தாலும் கஷ்டம் தீரவில்லை. உப்பு நீரில் அலசிய துணி முழுவதும் காய்வதில்லை. மழைக் காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். துணியில் தங்கிய உப்பும் அப்படியே செய்யும். சட்டை எப்போதும் பிசுபிசுவென்று இருக்கும். உடம்பெல்லாம் அரிக்கும். வியர்வை பட்ட இடங்களில் புண் வரும்.

பாய்மரக் கப்பல் காலத்து மாலுமிகள் இதனால் மழைக்காகக் காத்திருந்தார்கள். மழை வந்தால் பாய்களை விரித்து நீரைப் பிடிப்பார்கள். முதலில் குடிக்கச் சேமிப்பார்கள். மிச்சம் இருந்தால் துணி துவைப்பார்கள். மழை இல்லாத நாட்களில், அழுக்குத் துணியைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் கடலில் இழுத்து வருவதும் உண்டு!

டைட்டானிக்கில் சலவை இல்லை

நீராவிக் கப்பல்கள் வந்தன. மாளிகை போன்ற அறைகள் வந்தன. ஆனால் சலவை மட்டும் உடனே வரவில்லை.

1912-ம் ஆண்டு ஏப்ரலில் மூழ்கிய "டைட்டானிக்" கப்பலை அறியாதவர் இல்லை. நீச்சல் குளமும் நீராவிக் குளியல் அறையும் இருந்த அந்தக் கப்பலில் சலவைச் சாலை இல்லை! போகவர ஆகும் நாட்களுக்குத் தேவையான துணிகளை எல்லாம் கரையிலேயே ஏற்றிவிட்டார்கள். கை துடைக்கும் துணிகள் மட்டும் ஆயிரக் கணக்கில் இருந்தன. அழுக்கான துணிகளைச் சேர்த்து வைத்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் துறைமுகத்துக்குத் திரும்பியதும் அங்கே கரையில் வெளுக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

அட்லாண்டிக் கடலை ஒரு வாரத்தில் கடக்கும் கப்பலுக்கு இது போதும். வாரக் கணக்கில் துறைமுகம் துறைமுகமாகச் சுற்றும் கப்பலுக்கு இது சரிப்படாது. எனவே கப்பலிலேயே சலவைச் சாலை அமைப்பது பின்னால் வழக்கமாயிற்று.

கடல் நீர் நல்ல நீராவது எப்படி?

சலவைக்கு வேண்டியது நல்ல தண்ணீர். அதை இன்றைய கப்பல்கள் கடலிலிருந்தே தயார் செய்துகொள்கின்றன. இதற்கு இரண்டு முறைகள் உண்டு.

முதல் முறை, கொதிக்க வைத்து ஆவியைப் பிடிப்பது. மலை மேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும் அல்லவா? அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதே காரணம். கப்பலில் ஒரு மூடிய தொட்டியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். அப்போது கடல் நீர் 50 டிகிரிச் சூட்டிலேயே கூடக் கொதிக்கிறது. அந்தச் சூட்டுக்குத் தனி எரிபொருள் தேவை இல்லை. கப்பலின் எந்திரம் ஓடும்போது வீணாகும் சூடே போதும். எழும் ஆவியைக் குளிர வைத்தால் உப்பில்லாத நீர் கிடைக்கிறது.

இரண்டாவது முறை, மெல்லிய சவ்வில் வடிகட்டுவது. சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல் 50, 60 மடங்கு அழுத்தம் கொடுத்துக் கடல் நீரைச் சவ்வின் வழியே தள்ளுகிறார்கள். தண்ணீர் கடந்து செல்லும். உப்பு பின்தங்கிவிடும்.

இப்படிச் சிரமப்பட்டுச் செய்த நீர்தான் பயணியின் குழாயில் வருகிறது. சலவை யந்திரத்திலும் பாய்கிறது. "உங்கள் துண்டை மறுபடி உபயோகிக்க விரும்பினால் கொடியில் மாட்டுங்கள்; மாற்ற வேண்டுமானால் தரையில் போடுங்கள்" என்று பல கப்பல்களில் குளியல் அறையில் எழுதி வைத்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

கப்பலின் அடிவயிற்றில்

சலவைச் சாலை பயணிகளின் கண்ணில் படாது. அது கப்பலின் கீழ்த் தளங்களில் இருக்கும். ஜன்னல் கிடையாது. இரவா, பகலா என்று தெரியாது. முறை வைத்துக்கொண்டு ஆட்கள் இரவு பகலாக உழைப்பார்கள்.

நம் கிராமங்களில் உவர்மண்ணில் தோய்த்து, வெள்ளாவிப் பானையில் அடுக்கி, ஆவியில் வேகவைத்து, ஆற்றில் அடித்து அலசி, மணலில் உலர்த்துவார்கள். கப்பலிலும் வேலை அதுதான். ரகம் பிரித்தல், சூடு காட்டுதல், அலசுதல், உலர்த்துதல், தேய்த்தல் என்று வரிசை மாறாது. பானைக்குப் பதில் ஆள் உயர யந்திரங்கள். வெயிலுக்குப் பதில் சூடான காற்று. படுக்கை விரிப்புகளைத் தேய்க்கப் பெரிய உருளைகள் சுழல்கின்றன. ஒரு பக்கம் ஈரமாக நுழையும் விரிப்பு, மறு பக்கம் சுருக்கமின்றி வெளியே வருகிறது.

இந்த வேலையில் இருப்பவர்களில் பலர் பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். வீட்டை விட்டுப் பல மாதங்கள் கடலிலேயே இருப்பவர்கள். கப்பல் ஊழியருக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரவேண்டும் என்பது, 2013-ம் ஆண்டு அமுலுக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையின் விதிகளில் ஒன்று.

சலவைக்காரர்கள் கடலில் உயிரையே கொடுத்ததும் உண்டு. பிரிட்டிஷ் போர்க் கப்பல்களில் ஹாங்காங் சீனர்கள் நெடுங்காலம் சலவைத் தொழில் செய்து வந்தார்கள். 1982-ம் ஆண்டு பாக்லாந்து யுத்தத்தில் "ஷெபீல்டு", "கவன்ட்ரி" ஆகிய இரு போர்க் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, இறந்தவர்களில் இந்தச் சலவைத் தொழிலாளிகளும் இருந்தார்கள். அவர்கள் கையில் துப்பாக்கி இல்லை. இஸ்திரிப் பெட்டிதான் இருந்தது.

பஞ்சுத் தூசி பற்றிய தீ

கப்பலில் பயணிகள் அறியாத அபாயம் ஒன்று உண்டு. அதன் பெயர் பஞ்சுத் தூசி.

துணியைச் சூடான காற்றில் சுழற்றி உலர்த்தும்போது, நூலிலிருந்து நுண்ணிய தூசி கிளம்பும். அது காற்றுப் போகும் குழாய்களில் படியும். நாளாக நாளாக மெத்தை போல் சேரும். ஒரு பொறி பட்டால் போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும்.

1998-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி இது நடந்தே விட்டது. அமெரிக்காவின் மியாமி துறைமுகத்திலிருந்து "எக்ஸ்டஸி" என்ற உல்லாசக் கப்பல் கீ வெஸ்ட் நோக்கிப் புறப்பட்டது. பயணிகள் 2,565 பேர். ஊழியர்கள் 916 பேர். சலவைச் சாலையில் துணி தேய்க்கும் உருளை யந்திரம் பழுதாகி இருந்தது. அதைச் சரி செய்ய, அனுமதி பெறாமல் பற்றவைப்பு வேலை நடந்தது. மாலை 5 மணிக்குச் சற்றுப் பின் தீ மூண்டது.

தீ சலவைச் சாலையோடு நிற்கவில்லை. குழாய்களில் படிந்திருந்த பஞ்சுத் தூசி வழியே ஓடியது. கப்பலின் பின்புறத்தில், கப்பலைக் கரையில் கட்டும் கயிறுகள் வைத்திருந்த தளத்துக்குப் பாய்ந்தது. கயிறுகள் பற்றி எரிந்தன. கரும்புகை வானத்தை மறைத்தது. கப்பலை ஓட்டும் சக்தியும் போயிற்று. திருப்பும் சக்தியும் போயிற்று. கப்பல் கடலில் மிதக்கத் தொடங்கியது.

ஆறு இழுவைக் கப்பல்கள் விரைந்து வந்தன. நீரைப் பீய்ச்சி அடித்தன. கப்பலின் சொந்தத் தீயணைப்பு வீரர்களும் போராடினார்கள். இரவு 9 மணிக்குப் பிறகே தீ முழுவதும் அணைந்ததாக அறிவித்தார்கள். ஊழியர்கள் 14 பேருக்கும் பயணிகள் 8 பேருக்கும் இலேசான காயம் ஏற்பட்டது. நல்ல வேளையாக உயிர்ச் சேதம் இல்லை. நஷ்டம் 1 கோடியே 70 லட்சம் டாலர்.

விசாரணை செய்த அமெரிக்க அரசாங்கக் குழு இரண்டு காரணங்களைச் சொன்னது. அனுமதியற்ற பற்றவைப்பு ஒன்று. குழாய்களைச் சுத்தமாக வைக்காதது மற்றொன்று. அதற்குப் பிறகு, சலவைச் சாலையின் காற்றுக் குழாய்களில் எளிதில் கழற்றிக் கழுவக்கூடிய வடிகட்டி வேண்டும், தீயைத் தடுக்கும் கதவு வேண்டும், உள்ளே பார்த்துச் சுத்தம் செய்யத் திறப்பு வேண்டும் என்றெல்லாம் சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளில் சேர்த்தார்கள்.

இஸ்திரிப் பெட்டிக்குத் தடை ஏன்?

வீட்டிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சென்றால், பெரும்பாலான கப்பல்களில் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். துணிச் சுருக்கம் எடுக்கும் கை நீராவிக் கருவிக்கும் இதே கதிதான். மனஸ்தாபப்பட வேண்டாம். சூடான பெட்டியை மெத்தை மேல் மறந்து வைத்துவிட்டு, சாப்பிடப் போய்விடுபவர்கள் உண்டு. வீட்டில் தீப்பிடித்தால் தெருவுக்கு ஓடலாம். நடுக்கடலில் எங்கே ஓடுவது?

அறைக்கு வெளியே உள்ள தாழ்வாரத்தில் துணி உலர்த்துவதையும் பல கப்பல்கள் தடுக்கின்றன. கடல் காற்று பலமானது. துணி பறந்து போய் மற்றொருவர் தாழ்வாரத்தில் விழும். அங்கே யாராவது அணைக்காத சிகரெட் துண்டைப் போட்டிருந்தால் என்ன ஆகும்?

சில கப்பல்களில் பயணிகளே துவைத்துக்கொள்ளத் தனி அறைகள் உண்டு. "குயின் மேரி 2" கப்பலில் இந்த அறைகளுக்குக் கட்டணம் இல்லை. துவைக்கும் யந்திரம், உலர்த்தும் யந்திரம், இஸ்திரிப் பலகை எல்லாம் இருக்கும். எல்லாக் கப்பல்களிலும் இந்த வசதி கிடையாது. சீட்டு வாங்கும்போதே விசாரித்துக்கொள்ள வேண்டும். உலர்த்தும் யந்திரத்தை உபயோகிப்பவர்கள், வடிகட்டியில் படிந்த பஞ்சுத் தூசியை ஒவ்வொரு முறையும் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று இனிச் சொல்லத் தேவை இல்லை.

துணியைக் கொடுக்கும் முன்பு

அறையில் ஒரு பையும் ஒரு சீட்டும் வைத்திருப்பார்கள். துணிகளைப் பையில் போட்டு, சீட்டில் எண்ணிக்கையை எழுதி, அறை ஊழியரிடம் கொடுக்க வேண்டும். கட்டணம் உருப்படிக்கு இவ்வளவு என்று இருக்கும். சில நாட்களில் பை ஒன்றுக்கு இவ்வளவு என்று சலுகையும் தருவார்கள்.

இங்கே நான்கு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. பையில் மொத்தமாகப் போடும் துணிகளைப் பெரும்பாலும் ஒன்றாகவே யந்திரத்தில் போட்டு, சூடாகவே உலர்த்துவார்கள். சாயம் போகும் துணி, சுருங்கும் துணி, மெல்லிய துணி எதையும் அதில் போடாதீர்கள்.

2. சட்டைப் பைகளைத் துழாவிப் பாருங்கள். பேனா ஒன்று இருந்தால் பை நிறையத் துணி பாழாகும்.

3. பிரயாணம் முடியும் தறுவாயில் கொடுக்காதீர்கள். துணி திரும்பி வர ஓரிரு நாட்கள் ஆகும்.

4. பட்டுப் புடவைக்குத் தண்ணீர் இல்லாத சலவை வேண்டும். அது எல்லாக் கப்பலிலும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள். இல்லையென்றால் வீடு திரும்பும் வரை பொறுத்திருங்கள்.

பட்டு, கம்பளி, நைலான்

அறையிலேயே கை அலம்பும் தொட்டியில் துவைத்துக்கொள்வதும் உண்டு. அப்போது ஒவ்வொரு நூலின் குணமும் தெரிந்திருக்க வேண்டும்.

பருத்தி நனைந்தால் பலம் கூடும். ஆகவே அடித்தாலும் பிழிந்தாலும் தாங்கும். பட்டு நனைந்தால் பலம் குறையும். ரேயான் நனைந்தால் ஏறக்குறையப் பாதிப் பலம் போய்விடும். இந்த இரண்டையும் முறுக்கிப் பிழியவே கூடாது.

பட்டும் கம்பளியும் பிராணிகளிடமிருந்து கிடைப்பவை. நம் தலைமுடியைப் போன்றவை. காரமான சோப்பு இவற்றை அரிக்கும். நம் பாட்டிமார் பட்டுக்குப் பூந்திக் கொட்டை போட்டது இதனால்தான். பூந்திக் கொட்டைத் தூள் ஒரு சிறு பொட்டலம் பெட்டியில் இருந்தால் கப்பலிலும் கை கொடுக்கும். குளிர்ந்த நீரில் நுரைத்து, துணியை மெதுவாக அமுக்கி எடுத்து அலசுங்கள். பிறகு உலர்ந்த துண்டின் மேல் விரித்து, பாய் சுருட்டுவது போலச் சுருட்டி அழுத்துங்கள். ஈரத்தைத் துண்டு குடித்துவிடும். நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் பட்டு மஞ்சளாகும்.

கம்பளி நூலில் மீன் செதில் போன்ற செதில்கள் உண்டு. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அப்பாவின் கம்பளிச் சட்டை மகனுக்கு ஆகிவிடும்!

நைலானும் பாலியெஸ்டரும் தண்ணீரை அதிகம் குடிப்பதில்லை. சாதாரணமாகக் காற்றிலிருந்து பருத்தி தன் எடையில் நூற்றுக்கு 8 பங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நைலான் 4 பங்கு. பாலியெஸ்டரோ அரைப் பங்கு கூட இல்லை. இரவில் துவைத்தால் காலையில் காய்ந்துவிடும். கப்பலுக்கு இந்தத் துணிகளே சௌகரியம். பல கப்பல்களில் குளியல் அறையில் இழுத்து மாட்டும் சிறு கொடி இருக்கும். அறைச் சுவர்கள் பெரும்பாலும் இரும்புத் தகடு. காந்தக் கொக்கிகள் சில கொண்டு போனால் சுவரில் ஒட்டவைத்து ஹாங்கரை மாட்டலாம்.

சரிகைப் புடவையைப் பற்றி ஒரு வார்த்தை. சரிகையில் இருப்பது வெள்ளி அல்லது செம்பு. ஈரமும் உப்புக் காற்றும் வியர்வையும் வாசனைத் தைலமும் சேர்ந்தால் அது கறுத்துவிடும். கல்யாணப் பட்டைக் கப்பலுக்குக் கொண்டு போகாமல் இருப்பதே உத்தமம். கொண்டு போனால் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கட்டிய பின் அறைக்குள் காற்றாட விட்டு மடியுங்கள்.

கறை பட்டால்

கப்பல் ஆடும்போது கைக் கிண்ணமும் ஆடும். கறை படத்தான் செய்யும். படபடப்பு வேண்டாம்.

பால், முட்டை, இரத்தம் போன்ற கறைகளுக்குக் குளிர்ந்த நீர். வெந்நீர் ஊற்றினால் முட்டை வேகுவது போலக் கறையும் வெந்து துணியில் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கறை மேல் முகப் பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விடுங்கள். எண்ணெயைப் பவுடர் இழுத்துக்கொள்ளும்.

குழம்புக் கறையில் சோப்பைத் தேய்த்ததும் மஞ்சள் நிறம் சிவப்பாக மாறினால் பயப்படாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தி நீர் சிவக்கிறதே, அதே விஷயந்தான். அலசினால் சிவப்பு மாறிவிடும். மிச்ச மஞ்சளை வீடு திரும்பியதும் வெயிலில் போட்டால் சூரியனே வெளுத்துவிடும். ஆனால் பட்டுத் துணிக்கு இந்த வெயில் வைத்தியம் ஆகாது.

நீச்சல் உடைகளைக் குளத்திலிருந்து வந்த உடனே நல்ல நீரில் அலசுங்கள். குளத்து நீரில் கலக்கும் குளோரின் ரப்பர் நூலைத் தளரச் செய்யும்.

வீட்டில் யாருக்காவது வாந்தி, பேதி என்றால் அந்தத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காதீர்கள். அறையிலே துவைக்கவும் வேண்டாம். உடனே கப்பல் மருத்துவருக்குத் தகவல் சொல்லுங்கள். அத்தகைய துணியைத் தனிப் பையில் எடுத்துச் சென்று தனியாக வெளுப்பார்கள். வெட்கப்பட்டு மறைத்தால் ஒருவர் நோய் நூறு பேருக்குப் பரவிவிடும்.

கடைசியாக ஒன்று. ஒரு வாரப் பிரயாணத்துக்கு ஆளுக்கு இரண்டு பெட்டித் துணி தேவை இல்லை. இரவில் அலசினால் காலையில் காயும் நான்கு ஜோடித் துணி, ஒரு சோப்பு, கொஞ்சம் பூந்திக் கொட்டைத் தூள், நான்கு காந்தக் கொக்கிகள் இருந்தால் போதும். இஸ்திரிப் பெட்டி மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்!